டிராக் எத்தனை, இன்புட் எத்தனை?

மார்ச் 3

இனி கணினி இல்லாமல்தான் பாட்டைப் பதிவு செய்வது என்று முடிவெடுத்தாயிற்று. மென்பொருள்மேல் எந்தக் கோபமும் இல்லை. பாட உட்கார்ந்தால் கண் திரையைவிட்டு நகர மறுக்கிறது, அதுதான் தொல்லை. அலைவடிவம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பாடினால் சுருதி எங்கே போகிறது என்று காது கவனிப்பதில்லை. பக்கத்தில் லேப்டாப் விசிறி வேறு இரைந்துகொண்டிருக்கும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்க நாலைந்து ஃபேடர், ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு எஸ்டி கார்டு உள்ள தனிப் பெட்டி போதும்.

இது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. 1979-இல் டாஸ்காம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டூடியோ 144 வந்தபோதே சாதாரண கேசட்டில் நான்கு டிராக், அதாவது நான்கு தனித்தனித் தடங்கள், பதிவு செய்ய முடிந்தது. டிராக் போதாவிட்டால் மூன்றை நாலாவதில் கலந்து கொட்டிவிட்டு, காலியான மூன்றில் மறுபடி தொடங்குவார்கள். கலக்கும்போதெல்லாம் இரைச்சல் கூடும். டிஜிட்டலில் அந்த இரைச்சல் போய்விட்டது. ஆனால் ஒருமுறை கலந்ததைப் பிரிக்க முடியாது என்பது மட்டும் மாறவில்லை.

மார்ச் 5

விளம்பரங்களில் பெரிதாகத் தெரிவது டிராக் எண்ணிக்கை. 8, 24, 32. நான் தேடும் எண் சிறிய எழுத்தில் இருக்கிறது: ஒரே நேரத்தில் எத்தனை டிராக்கில் பதிவாகும்? டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் எட்டு டிராக் பெட்டி, ஒரு தடவைக்கு இரண்டுதான் பதிவாகும். டிபி-24எஸ்டியிலும் டிபி-32எஸ்டியிலும் எட்டு எட்டு.

24-க்கும் 32-க்கும் நடுவில் இன்னொரு கூத்து. 24-இல் மோனோ (ஒற்றை ஒலி) டிராக் 12, ஸ்டீரியோ (இடம், வலம் என்று இரட்டை) 6. 32-இல் மோனோ 8, ஸ்டீரியோ 12. ஸ்டீரியோ ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணித்தான் 32 வருகிறது. அதாவது பெரிய எண்ணுள்ள பெட்டியில் தனி மோனோ டிராக் குறைவு. ஸ்டீரியோவாகப் பதிவு செய்கிற கீபோர்டுக்காரருக்கு 32 நல்லது. குரலையும் கிட்டாரையும் ஒவ்வொரு மைக்காகப் பதிவு செய்கிற எனக்கு 24 போதும், சொல்லப்போனால் அதுதான் மேல்.

மார்ச் 6

அப்படியானால் எனக்கு எத்தனை இன்புட், அதாவது மைக்கோ வயரோ செருகும் துளை, வேண்டும்? தனியாக இருந்தால் இரண்டே போதும். கிட்டார், அப்புறம் குரல், அப்புறம் இரண்டாம் குரல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஓவர்டப் செய்துகொள்ளலாம். நண்பர் மிருதங்கத்தோடு வந்தால்தான் கணக்கு மாறுகிறது. வலந்தலைக்கு (வலப் பக்கம்) ஒரு மைக், தொப்பிக்கு (இடப் பக்கம்) ஒரு மைக், என் குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒரு மைக், கிட்டாரிலேயே பொருத்தியிருக்கும் பிக்கப்புக்கு (ஒலியை மின் சைகையாக மாற்றுவது) ஒரு வயர். ஐந்து ஆகிவிட்டது. தாளம் காட்ட ஹெட்ஃபோனில் ஓடும் டிக்டிக் ஒலிதான் கிளிக். “கிளிக் போட்டுத் தனித்தனியா எடுத்துக்கலாமே?” என்று அவரிடம் கேட்டேன். “நீ இழுக்கிற இடத்துல நானும் இழுக்கணும். கிளிக் இழுக்குமாப்பா?” என்றார். நாலு இன்புட் பெட்டிகள் எல்லாம் அத்தோடு பட்டியலிலிருந்து போயின.

மார்ச் 9

ஃபேண்டம் பவர், அதாவது மைக் வயர் வழியாகவே பெட்டி அனுப்பும் மின்சாரம். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும், டைனமிக் மைக்குக்கு வேண்டாம். எட்டு இன்புட் இருந்தால் எட்டிலும் 48 வோல்ட் வரும் என்று நம்பிவிடக் கூடாது, மேனுவலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கிட்டாரை நேராகச் செருக ஹை-இசட் (உயர் மின்மறுப்பு) இன்புட் ஒன்றாவது தேவை. சாதாரண லைன் இன்புட்டில் பிக்கப்பின் மேல்ஸ்தாயி மழுங்கிவிடும்.

மார்ச் 12

இன்று மனம் கொஞ்சம் சபலப்பட்டது. மிக்ஸரும் ரெக்கார்டரும் ஒரே உடம்பில் இருக்கும் வகை: டாஸ்காம் மாடல் 12, ஜூம் எல்-12. எல்-12-இல் ஐந்து ஹெட்ஃபோன் துளைகள், ஒவ்வொருவருக்கும் தனி மிக்ஸ். கூட்டமாக வாசிப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். இரண்டுமே கணினியோடு இணைத்தால் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். டிபி-24எஸ்டி அப்படி வேலை செய்யாது. அதன் யூஎஸ்பி கோப்புகளை மாற்ற மட்டும்தான்.

ஆனால் மாடல் 12-இல் பதிவானதை வெட்டி ஒட்ட வழியில்லை. இரண்டாவது சரணத்தில் நன்றாக வந்த ஒரு வரியை முதல் சரணத்துக்கு நகலெடுக்க வேண்டுமானால் கணினிக்குத்தான் போக வேண்டும். கணினியை ஒதுக்கத்தானே இவ்வளவு பாடு?

மார்ச் 13

32-பிட் ஃப்ளோட் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்: மிக மெல்லிய ஒலியிலிருந்து மிகப் பெரிய ஒலிவரை இடம் கொடுக்கும் பதிவு முறை. ஜூம் ஆர்4 போன்ற பெட்டிகளில் வருகிறது. எதிர்பாராமல் குரல் உயர்ந்தாலும் பதிவு கிழியாது. பிறகு அளவைக் குறைத்துக்கொள்ளலாம். மைக்கே திணறினால் மட்டும் அதுவும் காப்பாற்றாது. எனக்கு 24-பிட் போதும். ஒலியின் அளவைக் குறிக்கும் எண்ணில் ஒரு இலக்கம்தான் பிட். ஒரு பிட் என்றால் ஏறக்குறைய 6 டெசிபல். உச்சத்தை -12 டெசிபலில் வைத்துப் பதிவு செய்தால் இரண்டு பிட்தான் சும்மா கிடக்கும், 22 மிஞ்சும். 16-பிட்டில் இதே தாராளம் காட்டினால் 14 ஆகிவிடும்.

மார்ச் 17

என்றாவது வேறொருவர் மிக்ஸ் செய்யலாம் என்பதால் டிராக்குகள் தனித்தனி வேவ் (சுருக்காத ஒலி) கோப்புகளாக வெளியே வந்தாக வேண்டும். டிபி-24எஸ்டியில் வருகிறது, ஆனால் நேராக இல்லை: கார்டில் பாட்டுக்கு ஒரு பகுதி, கணினிக்குத் தெரியும் பகுதி வேறு. முதலில் அங்கே ஏற்றுமதி செய்து, பிறகு வெளியே எடுக்க வேண்டும். நச்சுப் பிடித்த வேலைதான். பாட்டு முடிந்தபிறகு ஒருமுறை செய்வது என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

மார்ச் 20

டிபி-24எஸ்டிக்கே ஆர்டர் போட்டுவிட்டேன். கார்டு 32 ஜிபி வரைதான் ஏற்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 24-பிட்டில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி. எட்டும் சேர்ந்து ஓடினால் 64. ஒரு கார்டில் பல மணி நேரம் அடங்கும். வந்ததும் முதல் வேலை, கார்டைப் பெட்டியிலேயே ஃபார்மட் செய்வது. நண்பர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மைக் ஸ்டாண்டு இன்னும் இரண்டு குறைகிறது.