பூட்டியின் பச்சைச் சேலை

நாகர்கோவில் பக்கம் பறக்கை ஊரில் உள்ள எங்கள் வீட்டில் ஓடு மாற்ற வேண்டும் என்று மேலறையைக் காலி செய்தோம். அப்போதுதான் பூட்டியின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். ஆடிச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த வாரம். சட்டத்தின் பின்பலகையைக் கழற்றியதும் இராமபாணப் பூச்சிகள் நாலு பக்கமும் ஓடின. அட்டையின் பின்னால் பென்சிலில் ‘1101 ஆவணி’ என்று எழுதியிருந்தது. திருவிதாங்கூர்க் காலத்து ஆட்கள் கொல்லம் ஆண்டில்தான் கணக்கு வைப்பார்கள். இப்போதைய கணக்கில் அது 1925. படத்துக்கு நூறு வயது.

பூட்டி மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் திரைச்சீலையில் வரைந்த தூணும் படிக்கட்டும். படம் மொத்தமும் பழுப்பு. நிறம் நாலே இடத்தில். சேலைக்குப் பச்சை, கன்னத்தில் லேசான ரோஸ், கொண்டையில் பிச்சிப்பூவுக்கு வெள்ளை, காதில் தொங்கும் பாம்படத்துக்குத் தங்கப் பூச்சு. சின்ன வயதில் இதுதான் அந்தக் காலத்துக் கலர் போட்டோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேமரா அவ்வளவு கலரைத்தான் பிடித்தது போல, மீதிக்கு மை தீர்ந்துவிட்டது போல என்று எனக்கு நானே ஒரு விளக்கமும் வைத்திருந்தேன்.

சேலை மடிப்பில் பூஞ்சை பிடித்து வெள்ளைப் புள்ளிகளாக இருந்தது. பஞ்சை லேசாகத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். இருபத்திரண்டு வருடமாக பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறவள் செய்கிற காரியமா இது? இரண்டாவது இழுப்பில் பஞ்சு பச்சையாக வந்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். முழங்காலுக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்குப் பச்சை போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் தெரிந்தது கிட்டத்தட்டக் கறுப்பு.

அத்தையிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அப்பாவின் மூத்த அக்கா, எண்பத்தாறு வயது, பூட்டியின் மடியில் வளர்ந்தவள். திட்டு விழும் என்று நினைத்துப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அது பச்சையே இல்ல மக்களே. பாட்டிக்க அந்தச் சேலை அரக்கு. பெட்டிக்குள்ள கெடந்துச்சு, நான் பாத்திருக்கேன். பின்ன கிழிச்சுத் தலகாணி ஒறை தைச்சாவ, கேட்டியா” என்றாள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையாம்.

அன்றிலிருந்து இந்தப் பச்சை என்னை விடவில்லை.

கோட்டாறில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பதினைந்து வயதில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு படத்தைக் கையால் திருத்தும் டச்சிங் வேலைக்கு உயர்ந்தவர். கையால் கலர் போடும் காலத்தின் கடைசி வாலை அவர் பிடித்திருக்கிறார். படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, “டீச்சர், தண்ணிக் கலர்ல தண்ணிய வச்சுத் துடைச்சா வேற என்ன வரும்?”

அப்புறம் வேலையை விளக்கினார். கலர் போட வேண்டிய படத்தைக் கொஞ்சம் வெளுப்பாகவே பிரிண்ட் போடுவார்கள், பழுப்பு டோனும் கொடுப்பார்கள். சாயம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிவது. அடியில் இருட்டாக இருந்தால் மேலே எது போட்டாலும் எடுக்காது. சாயம் சின்னப் புத்தகமாக வரும். இலைக்கு ஒரு நிறம், காய்ந்த சாயம் பூசிய தாள். ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளித் தண்ணீரில் போட்டால் நிறம் இறங்கும். மூங்கில் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, முதலில் வெறும் தண்ணீரால் படத்தை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். பிறகு மிக நீர்த்த சாயத்தை இரண்டு மூன்று தடவை. கன்னத்துக்கு ஒரே ஒரு ஒற்று. மூக்குத்திக் கல், வளையல் மாதிரியான இடங்களுக்குத் தூரிகை. நுனி கூடுவதற்கு நாக்கில் தொட்டுக்கொள்வார்களாம். “இந்த ஊர்ப் பொம்பளையளுக்க சேலை நிறம் எல்லாம் எனக்க நாக்குக்குத் தெரியும்” என்றார்.

பாம்படத்தில் அவர் ரொம்ப நேரம் நின்றார். நகைக்கு மட்டும் சாயம் இல்லை, தடிப்பான பூச்சு. விரல் வைத்தால் மேடாகத் தட்டுப்படுகிறது. ஆனால் அது தங்கம் கிடையாது, பித்தளைப் பொடி. அதில் செம்பு இருப்பதால் நம் கடல் காற்றுக்குக் கறுத்து, ஓரத்தில் பாசி நிறம் கட்டிவிட்டது. பூட்டியின் அசல் பாம்படம் அத்தையின் கல்யாணத்துக்கு உருக்கப்பட்டுச் சங்கிலியாகப் போயிற்று. அந்தச் சங்கிலி எப்போது பாங்கிக்குப் போனது என்பது வேறு கதை.

சரி, சேலை? அண்ணாச்சி சிரித்தார். ஆர்டர் எழுதும்போது என்ன நிறம் என்று கேட்டு வைப்பார்கள். சொன்னால் போடுவார்கள். சொல்லாவிட்டால், அல்லது சொன்னதை எழுதிவைத்த சீட்டு தொலைந்துவிட்டால், கையில் என்ன சாயம் மிச்சம் இருக்கிறதோ அது. “பச்சை நல்லா ஏறும். செவப்பு சொன்னபடி கேக்காது.”

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு அந்தக் கறுப்பு உறைத்தது. அன்று ஸ்டுடியோக்களில் பிலிம் மாதிரி, படம் பதிய பரவலாக இருந்த கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. நீல வெளிச்சத்துக்குத்தான் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு இருட்டறையில் தைரியமாக வேலை செய்ய முடிந்ததே அதனால்தான். அந்தத் தகட்டில் எடுத்த படத்தில் நீல வானம் வெறும் வெள்ளையாக விழும், குங்குமம் கறுப்பாக விழும். நம் மாநிறத் தோலும் இருப்பதைவிட ஒரு படி கறுத்துத்தான் விழும். கன்னத்து ரோஸ் வெறும் அலங்காரம் இல்லை, தகடு செய்த அநியாயத்துக்குக் கொஞ்சம் ஈடு என்று இப்போது நினைக்கிறேன். பூட்டியின் நெற்றிப் பொட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நான் துடைத்த இடமும் பொட்டும் ஒரே கறுப்பு. அரக்குச் சேலையாக இருந்தால் அப்படித்தான் விழும். உடனே தீர்ப்புச் சொல்லவும் முடியாது. கரும்பச்சையும் பழைய தகட்டில் இருட்டாகவே விழுந்திருக்கும். ஆனாலும் என் ஓட்டு அத்தைக்குத்தான்.

இந்தச் சிவப்புக் குருடு வேடிக்கையான விஷயம். 1861இல் லண்டனில் இயற்பியல் விஞ்ஞானி மாக்ஸ்வெல், கட்டம் போட்ட ஒரு ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே படமெடுக்க வைத்து, மூன்றையும் ஒரே திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக விழவைத்துக் கலர் காட்டினார். அந்தத் தகட்டுக்குச் சிவப்பே தெரியாது என்றால் சிவப்பு எப்படி வந்தது? நூறு வருடம் கழித்துத்தான் விடை கிடைத்தது. ரிப்பனின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரையும் திருப்பி அனுப்பியிருக்கிறது, சிவப்பு வடிகட்டியும் அதை உள்ளே விட்டிருக்கிறது. தகடு பார்த்தது அதை. தப்பு வழியில் சரியான விடை. பரீட்சையில் என்றால் நான் மார்க் போட்டிருக்க மாட்டேன்.

பூட்டி நாற்காலியில் உட்கார்ந்த காலத்தில் நிஜமான கலர் படமும் உலகத்தில் இருந்தது என்பதுதான் எனக்குப் பொறாமை. பிரான்சில் லூமியேர் சகோதரர்கள் 1907இல் ‘ஆட்டோகுரோம்’ தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதன் மூலப்பொருள் உருளைக்கிழங்கு மாவு! மாவுத் துகள்களைச் சலித்து, மூன்று பங்காக்கி, செம்மஞ்சள், பச்சை, நீல ஊதா என்று சாயம் ஏற்றிக் கலந்து, கண்ணாடியில் ஒற்றை அடுக்காகத் தூவுவார்கள். இடைவெளிகளில் கரித்தூள். அதன் மேல்தான் ஒளி படும் வெள்ளிப் பூச்சு. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 40 லட்சம் துகள். மரச்சீனி விளையும் நம் ஊரில் பிறந்திருந்தால் கிழங்குக்குப் பஞ்சமே வந்திருக்காது அவர்களுக்கு.

இதை வகுப்பில் சொல்லும்போது கன்னியாகுமரிக் கடற்கரையில் விற்கிற வண்ண மணல் பாக்கெட்டைத்தான் கொண்டுபோவேன். சிவப்பு, மஞ்சள், கறுப்பு மணலைக் கலந்து காகிதத்தில் பரப்பினால், கிட்டத்தில் தனித்தனி மணி. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் ஒரே காவி. ஆட்டோகுரோமும் அதேதான். வெளிச்சம் முதலில் சாயத் துகளைத் தாண்டி வெள்ளிப் பூச்சுக்குப் போகும். கழுவி முடித்த பிறகு, எந்தத் துகள் தெரிய வேண்டுமோ அதற்குப் பின்னால் பூச்சு விலகியிருக்கும், மற்றவற்றை வெள்ளி மறைத்துக்கொண்டிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சேலை சேலை நிறத்திலேயே தெரியும். தொல்லைகளும் உண்டு: நல்ல வெயிலிலும் ஒரு விநாடியாவது ஆடாமல் இருக்க வேண்டும், ஒரு தகடு என்றால் ஒரே ஒரு படம், காகிதத்தில் பிரதி எடுத்துச் சுவரில் மாட்ட வழியில்லை, விலையும் அதிகம்.

ஆல்பர் கான் என்ற பிரெஞ்சு வங்கியாளர் 1909 முதல் 1931 வரை உலகம் முழுக்க ஆளனுப்பி 72,000 ஆட்டோகுரோம்கள் எடுக்கவைத்தார். அவருடைய ஆள் ஒருவர் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். ரஷ்யாவில் புரோகுதின் கோர்ஸ்கி என்ற புகைப்படக்காரர், மாக்ஸ்வெல் வழியில் மூன்று வடிகட்டிகள் வைத்து அடுத்தடுத்து எடுத்தார். மனிதர்கள் ஆடாமல் நின்றுவிடுவார்கள், தண்ணீர் நிற்குமா? அவர் எடுத்த ஆறுகளில் அலைக்கு அலை சிவப்பு, பச்சை, நீல ஓரம் கட்டியிருக்கும். அவர் நம் முக்கடல் பாறையில் நின்று எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன்.

பறக்கைக்கு யாரும் வரவில்லை. எங்களுக்கு வாய்த்தது மூங்கில் குச்சியும் பஞ்சும் வைத்திருந்த, பெயர் தெரியாத ஒரு மனிதர். அவர் மேல் கோபம் வருவதாக இல்லை. அக்காலத்து இந்தியக் காட்சி அஞ்சலட்டைகளில் நிறைய ஜெர்மனியில் அச்சானவை. ஒரு தென்னை மரத்தைக்கூடப் பார்த்திராத ஆள் கோயில் குளத்துக்குக் கலர் கொடுத்தது அதில் எத்தனையோ. எங்கள் ஆளாவது பிச்சிப்பூ வெள்ளை என்று தெரிந்தவர்.

தம்பி மகன் செல்போனில் ஏதோ ஆப்பில் போட்டுக் கலராக்கிக் காட்டினான். சேலை ஊதா, பூட்டி வெள்ளைக்காரி. அதை அழிக்கச் சொல்லிவிட்டு, படத்தை ஸ்கேன் செய்து நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். மூன்று ராத்திரி. பச்சையை எடுத்து அரக்கு கொடுத்து, பாம்படத்தின் பாசியைப் போக்கி, பிரிண்ட் போட்டு அத்தையிடம் கொண்டுபோனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“நெறம் இதுதான். அச்சு அசல் இதுதான்” என்றாள். பிறகு அதைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, “மத்தத எப்ப மாட்டப் போற?” என்று கேட்டாள்.

போன வெள்ளிக்கிழமை மாட்டியாயிற்று. மழைச் சாரல் படாத உள்சுவர். கண்ணாடி படத்தில் ஒட்டாமல் இருக்க நடுவில் அட்டை வைத்துச் சட்டம் போட்டிருக்கிறது. நான் துடைத்த மூன்று விரல் இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். அண்ணாச்சி பச்சை ஏற்றித் தருகிறேன் என்றுதான் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். அத்தை ஊதுபத்தி கொளுத்தப் போனாள். புகை படக்கூடாது என்று தடுத்ததில் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை.