நின்ற வண்டியின் கணக்கு

லாரித் தொழிலைப் பற்றி யார் பேசினாலும் ஓட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். விடிய விடிய ஸ்டீயரிங் பிடித்தது, தொப்பூர் இறக்கத்தில் பிரேக் போனது, தாபாவில் சாப்பிட்ட ரொட்டி. சேலத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் எண்பதுகளின் நடுவில் எழுத்தராகச் சேர்ந்து, தலை நரைக்கும் வரை கணக்கு எழுதியவன் நான். எனக்கு அதிகம் நினைவிருப்பது வண்டிகள் நின்றதுதான். லோடுக்காக நிற்கும், செக்போஸ்டில் நிற்கும், சரக்கை இறக்க ஆள் வராமல் நிற்கும், எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க நிற்கும். உருண்ட நேரத்தையும் நின்ற நேரத்தையும் தனித்தனியே கூட்டியிருந்தால் நின்றதுதான் ஜாஸ்தியாக வந்திருக்கும். ஆனால் யாரும் கூட்டவில்லை. டீசலுக்கு, டயருக்கு, ஸ்பிரிங் பட்டை மாற்றியதற்கு, பஞ்சருக்கு என்று எல்லாவற்றுக்கும் பேரேட்டில் பக்கம் இருந்தது. நின்ற நாளுக்கு மட்டும் பக்கம் இல்லை.

எங்கள் ஆபீஸ் செவ்வாய்ப்பேட்டையில். முக்கியமான லோடு ஜவ்வரிசி. சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு விளைச்சலும் அதிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைகளும் அதிகம். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகு வியாபாரம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. மூட்டை 90 கிலோ. நூறு மூட்டை ஏறினால் ஒன்பது டன். நம்மூரில் பாயசத்துக்கும் வடாமுக்கும்தான் ஜவ்வரிசி. மகாராஷ்டிராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் குஜராத்திலும் விரத நாளென்றால் அதுதான் சாப்பாடு. ஆடி பிறந்ததிலிருந்து நவராத்திரி வரை இந்தூருக்கும் புனேவுக்கும் வண்டி கேட்டு போன் அடித்துக்கொண்டே இருக்கும். இந்தூர் இங்கிருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

எல்.ஆர். எழுதுவதுதான் என் முதல் வேலை. லாரி ரசீது. கார்பன் வைத்து நான்கு நகல். அழுத்தி எழுதாவிட்டால் கடைசி நகலில் மூட்டை எண்ணிக்கையே விழாது. சரக்கை அனுப்புகிறவர் அந்த ரசீதை பில்லோடு சேர்த்து பேங்கில் கொடுப்பார். பேங்க் அதை இந்தூர் கிளைக்கு அனுப்பும். வாங்குகிறவர் அங்கே பணத்தைக் கட்டி ரசீதை எடுத்துக்கொண்டு வந்தால்தான் சரக்கை ஒப்படைக்க வேண்டும். ஆக, அந்தக் காகிதம் கிட்டத்தட்ட பணம். அதனால்தான் எந்த லாரி கம்பெனியின் ரசீதையும் பேங்குகள் வாங்கிவிடாது. இந்திய வங்கிகள் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இடம் பிடிக்க சின்ன கம்பெனிகள் பட்ட பாடு தனிக் கதை.

சிக்கல் என்னவென்றால், வண்டி போன வேகத்துக்குத் தபால் போகாது. ஆறாம் நாள் லாரி இந்தூரில் நிற்கும். ரசீது இன்னும் ஏதோ ஒரு பேங்க் மேஜையில் கிடக்கும். ரசீது வந்தாலும், மார்க்கெட்டில் விலை இறங்கியிருந்தால் வியாபாரி பணத்தைக் கட்டாமல் இரண்டு நாள் தள்ளிப் பார்ப்பார். அதுவரை சரக்கோடு வண்டி நிற்க வேண்டியதுதான். ஜவ்வரிசி நனைந்தால் போச்சு, மழைக்காலம் வேறு. ஓட்டுநரும் கிளீனரும் மாறி மாறிக் காவல் இருப்பார்கள்.

அந்த மழைக்குத்தான் தார்ப்பாய் கட்டுகிற வித்தை. ஆத்தூர் பக்கத்து ஓட்டுநர் ஒருவர், நான் சேர்ந்தபோதே ஐம்பதைத் தாண்டியவர், கிளீனரைக் கட்ட விடமாட்டார். பின் பாதிக்கு முதலில் ஒரு பாயைப் போடுவார். அதன் மேல் ஒரு முழம் ஏறுகிற மாதிரி முன் பாதிக்கு இன்னொன்று. மாற்றிப் போட்டால் ஓடும்போது காற்று உள்ளே புகுந்து பாயைத் தூக்கிவிடும், பின்னாலேயே தண்ணீரும் இறங்கிவிடும். அப்புறம் கயிறு. பாடியின் ஓரக் கொக்கியில் மாட்டி, மேலே வீசி, மறுபக்கம் இறங்கி, காலை டயரில் ஊன்றி உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுப்பார். கட்டி முடித்ததும் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கயிறையும் சுண்டிப் பார்ப்பார். தொய்வாக ஒன்று தெரிந்தால் அந்தப் பக்கம் முழுக்க அவிழ்த்து மறுபடியும் கட்டுவார். முதலாளி உள்ளேயிருந்து "இன்னுமா கிளம்பல?" என்று கத்துவார். இவர் காதிலேயே வாங்கமாட்டார். அவர் ஏற்றிப்போன லோடில் நனைந்த மூட்டை என்று ஒரு புகார் கடுதாசி வந்து நான் பார்த்ததில்லை.

வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்தது லேலண்ட் காமெட்டும் டாடா 1210-உம். மெர்சிடிஸ் பென்ஸோடு டாடாவுக்கு 1954-ல் ஏற்பட்ட கூட்டு 1969-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் வயசான ஓட்டுநர்கள் கடைசி வரை டாடாவை 'பென்சு' என்றுதான் சொன்னார்கள். அப்போது கம்பெனியிலிருந்து வந்தது வெறும் சேசிஸ், அடிச்சட்டம்தான். ஜாம்ஷெட்பூரிலிருந்து கேபினே இல்லாத அந்தச் சேசிஸை, ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் ஓட்டிக்கொண்டு வருவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அது நாமக்கல்லுக்கோ சங்ககிரிக்கோ போய் பாடி கட்டி, பெயின்ட் அடித்து வரும்போதுதான் லாரி. இருக்கைக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கிற பலகை, பக்கவாட்டில் சமையல் சாமான் பெட்டி. அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று பட்டறையில் ஓட்டுநர்கள் நின்று சண்டை பிடிப்பார்கள். நியாயம்தான். வாரக்கணக்கில் குடும்பம் நடத்தப் போவது அவர்கள்தானே.

பர்மிட் ஒரு பெரிய தலைவலி. தேசிய பர்மிட் 1975-லேயே வந்துவிட்டாலும் மாநிலம் மாநிலமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்; சொந்த மாநிலத்தையும் சேர்த்து குறைந்தது நான்கு. தேர்ந்தெடுக்காத மாநிலத்துக்கு நல்ல வாடகையில் லோடு வந்தாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான். ஒரே கட்டணத்தில் நாடு முழுக்க என்று ஆனது 2010-ல்தான். சாதாரண லாரிக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டால் தேசிய பர்மிட் கிடையாது. பிறகு அது உள்ளூரில் மணலும் செங்கல்லும் அடிக்கும். தேசிய பர்மிட் வண்டியில் இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்று 2018 வரை விதி இருந்தது. பெரும்பாலும் இரண்டாவது பெயர் காகிதத்தில் இருக்கும், வண்டியில் கிளீனர் பையன் இருப்பான்.

போன லோடை இறக்கியதும் ரிட்டர்ன் லோடு பிடிக்க வேண்டும். அதற்குத் தரகர் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். ஓட்டுநர் டிரங்க் கால் போட்டு, பிறகு எஸ்.டி.டி. பூத்திலிருந்து, "கோதுமை இருக்கு, வாடகை கம்மியாச் சொல்றான், ஏத்தவா?" என்று கேட்பார். முதலாளி "இன்னும் ஒரு நாள் பாரு" என்பார். அந்த ஒரு நாள் எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. மகாராஷ்டிராவின் லாசல்காவ் வெங்காயம் கிடைத்துவிட்டால் மட்டும் எல்லாருக்கும் திடீரென்று அவசரம் வந்துவிடும், ஏனென்றால் வெங்காயம் அழுகும். ஒரு நாள் தாமதமானால் வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் தாமதமானால் பிடித்தம் உண்டு. எங்களைத் தாமதப்படுத்தினால் எதுவும் கிடையாது. நின்ற நாளுக்கு ஈடாக 'ஹால்டிங்' என்று கேட்டுக் கடிதம் எழுதுவோம், பத்தில் ஒன்றுக்குப் பதில் வந்தால் பெரிசு.

பார்சல் கம்பெனிகளைப் பார்த்தால் எங்களுக்குப் பொறாமை. மதுரை டி.வி.எஸ்., பொள்ளாச்சி ஏ.பி.டி. போன்றவை பஸ் ஓட்டிப் பழகியவை. 1972-ல் அவர்கள் பஸ்கள் அரசுடைமையான பிறகும் பார்சல் லாரிகள் ஓடின. பஸ்காரப் புத்தி அதிலும் இருந்தது: நேரமானால் வண்டி கிளம்பிவிடும், நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும். எங்கள் தொழிலில் வண்டிக்கு நேரம் என்று ஒன்று கிடையாது.

டிரிப் முடிந்து கணக்குப் பார்க்கும் நாள்தான் ஆபீஸில் சூடு பறக்கும். ஓட்டுநர் பாலிதீன் பையிலிருந்து சீட்டுகளை எடுத்து மேஜையில் வைப்பார். டீசல் பில்லில் எண்ணெய்க் கறை இருக்கும், பஞ்சர் சீட்டு இந்தியில் இருக்கும், செக்போஸ்ட்காரருக்குக் கொடுத்ததற்குச் சீட்டே இருக்காது. அதை 'வழிச்செலவு' என்று எழுதுவோம். எவ்வளவு எழுதலாம் என்பது எங்கள் முதலாளிக்கு அத்துப்படி. ஒருமுறை அந்த ஆத்தூர்க்காரர் பம்பாயில் ஒரு வாரத்துக்கு மேல் நின்றுவிட்டு வந்தார். ஆக்ட்ராய் நாக்காவில், அதாவது நகர நுழைவு வரிச் சாவடியில், ஏதோ காகிதத் தகராறு. எங்கள் ஆபீஸில் ஓட்டுநரின் படிக்காசு டிரிப்புக்குத்தானே ஒழிய நாளுக்கு இல்லை. சாப்பாட்டுக்கு என்று அவர் எழுதியிருந்த தொகையை முதலாளி சிவப்பு மையில் அடித்தார்.

"நின்ன நாளுக்கு நான் யார்கிட்டப் போய் வாங்கறது?" என்றார் முதலாளி.

ஆத்தூர்க்காரர் முதலாளிக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "தம்பி, நிக்கிற வண்டி டீசல் கேக்காது. நிக்கிற மனுசன் சோறு கேப்பானுங்களே, அதை எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?" என்றார். நான் வழிச்செலவில் கொஞ்சம் ஏற்றி எழுதினேன். முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் ஃபைனான்ஸ் தவணை இருந்தது, வண்டி நின்ற மாதமும் அது நிற்காது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாளையார் மாதிரி வணிக வரிச் செக்போஸ்ட்களில் இருந்த மைல் நீள வரிசை போயிற்று. பம்பாய் ஆக்ட்ராயும் அதோடு ஒழிந்தது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமாகி, சுங்கச்சாவடியில் சில்லறைக்காக நிற்பதும் குறைந்தது. இதையெல்லாம் மனசாரப் பாராட்டுகிறேன். எங்கள் காலத்து ஓட்டுநர்களுக்கு இதில் பாதி கிடைத்திருந்தால்கூட மாதத்தில் நாலு நாள் கூடுதலாக வீட்டில் படுத்திருப்பார்கள்.

ஆனால் இறக்கும் இடத்து நிற்றல் அப்படியேதான் இருக்கிறது. ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகளுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் நிற்பதைப் பார்க்கிறேன். உள்ளே இடம் காலியாகும் வரை ஓட்டுநர் ரோட்டோரம்தான்; பல இடங்களில் கக்கூஸ்கூடக் கிடையாது. இப்போது ஜி.பி.எஸ். இருப்பதால் வண்டி நிற்பது முதலாளியின் போனில் தெரிகிறது, அரை மணிக்கொரு தடவை "ஏன் நிக்குது?" என்று போன் வருகிறது. டிரைவர் கிடைப்பதில்லை என்று இன்றைய முதலாளிகள் என்னிடம் குறைப்படும்போது, ஹால்டிங் வாங்குகிறீர்களா என்று கேட்பேன். சில கம்பெனிகள் கொடுக்கின்றன என்பார்கள். அதில் டிரைவருக்கு எவ்வளவு போகிறது என்று அடுத்ததாகக் கேட்டால் பேச்சு டீசல் விலைக்குப் போய்விடும்.