ராதிகாவுக்குப் பிறகு யார்? மூன்று ஊசிகளும் ஐந்து தாள்களும்

நேற்று இரவு பதினொன்றரைக்கு மூன்றாம் தாள் இரண்டாம் தாளின் மேல் பிசகில்லாமல் உட்கார்ந்தது. 401 நெடுஞ்சாலை இரண்டு தாளிலும் ஒரே கோடாகத் தெரிந்தது. கீழே லைற் எரிய, கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன். நித்திரையாக இருந்த மகளை எழுப்பிக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன். ஏழு மாத வேலை இது.

கனடாவில் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் கூட்டாட்சித் தொகுதி எல்லைகளை 1987, 1996, 2003, 2013, 2023 என்று எல்லைகளை மாற்றிய ஐந்து அரச ஆணைகளின்படி ஐந்து தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் திட்டம். அடிப்படை வரைபடம் 1:25,000. அதில் மூன்று ஊசி குத்தியிருக்கிறேன். போர்ட் யூனியனில் எங்கள் வீடு ஒன்று, மோர்னிங்சைட் ஹைட்ஸில் அக்கா வீடு ஒன்று, மிலிகனில் நண்பர் வீடு ஒன்று. ஊசி நிற்கும் இடத்துக்கு எந்தக் காலத்தில் எந்தத் தொகுதி, ஒட்டாவா நாடாளுமன்றத்தில் யார் உறுப்பினர் என்று தாள்களை ஊடுருவிப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறேன்.

தொடங்கிவைத்தது அத்தான்தான். "ராதிகாட தொகுதிதானே பிறகு ஹரிக்கு வந்தது?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார். நானும் ஓம் என்றுதான் சொன்னேன். ஸ்காபரோத் தமிழர் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் பிறந்த ராதிகா சிற்சபைஈசன் 2011 மே 2 தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சிக்காக வென்று, கனடிய நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர் ஆனார். 2015இல் லிபரல் கட்சியின் ஹரி ஆனந்தசங்கரி வென்றார். ஒருவர் போக மற்றவர் வந்தார் என்று மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடுகிறது. அன்று இரவு பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முடிச்சு அவிழ்ந்தது.

ராதிகா வென்றது ஸ்காபரோ–ரூஜ் ரிவர். ஹரி வென்றது ஸ்காபரோ–ரூஜ் பார்க். ரூஜ் என்ற சொல் இரண்டிலும் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். 2015 தேர்தலோடு ரூஜ் ரிவர் இல்லாமல் போய்விட்டது. அதன் ஒரு பங்கு ஸ்காபரோ நோர்த் ஆனது, இன்னொரு பங்கு ரூஜ் பார்க்குக்குப் போனது. ராதிகா அந்தத் தேர்தலில் போட்டியிட்டது ஸ்காபரோ நோர்த்தில். அங்கே வென்றவர் லிபரல் கட்சியின் ஷோன் சென். ஹரியும் ராதிகாவும் ஒரே தொகுதியில் மோதவே இல்லை. ரூஜ் பார்க்கின் மிச்சப் பகுதிகள் பிக்கரிங்–ஸ்காபரோ ஈஸ்ட், ஸ்காபரோ–கில்ட்வுட் ஆகிய இரண்டு தொகுதிகளிலிருந்து வந்தவை. ஆகவே ராதிகாவுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குத் தெருவைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

சரி, தாள் விஷயத்துக்கு வருகிறேன். என் நேரத்தை எல்லாம் தின்றது அதுதான்.

முதலில் சாதாரண ட்ரேசிங் தாளில் வரைந்தேன். மாசியில் முதல் தாள், சித்திரையில் இரண்டாம் தாள். இரண்டும் அழகாகப் பொருந்தின. ஆடி மாத வெக்கைக்குள் எடுத்துப் பார்த்தால் 401 கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. என் கைதான் தவறிவிட்டது என்று நினைத்து இரண்டாம் தாளைக் கிழித்துப்போட்டு மறுபடி வரைந்தேன். இரண்டு கிழமையில் அதுவும் விலகியது. பிறகுதான் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். 60 சென்றிமீற்றர் அகலத் தாள் 3 மில்லிமீற்றர் விரிந்திருந்தது. காற்றில் ஈரம் ஏறத் தாள் ஊதுகிறது, அதுவும் ஒரு பக்கமாகக் கூடுதலாக. 3 மில்லிமீற்றர் என்றால் நிலத்தில் 75 மீற்றர். எல்லை ஒரு தெருவின் நடுவால் போகும் இடத்தில் 75 மீற்றர் தவறினால் ஒரு வரிசை வீடு முழுக்க வேறு உறுப்பினருக்குப் போய்விடும். நான் தேடுவதே அந்த ஒரு வரிசையைத்தான்.

பொலியெஸ்டர் பிலிமுக்கு மாறிய பிறகு அந்தப் பிரச்சினை போய்விட்டது. ஈரத்துக்கு அது அசையாது. ஆனால் அதில் வரைவதற்குப் பழக்கம் வேண்டும். மங்கலான பக்கத்தில்தான் வரைய வேண்டும், பளபளப்பான பக்கத்தில் மை முத்து முத்தாக நிற்கும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் கோடு விட்டுவிட்டு விழும். ஆகவே தொடங்குமுன் ஐசோப்ரோபைல் அல்கஹோலால் ஒருமுறை துடைத்துவிட்டு, கைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொள்கிறேன். பிழை வந்தால் பிளேட்டால் சுரண்டக் கூடாது. சுரண்டிய இடம் வழவழப்பாகி, அதன் மேல் வரையும் மை பரவும். வினைல் அழிறப்பரைக் கொஞ்சம் ஈரமாக்கி மெதுவாகத் தேய்த்தால் மை மட்டும் போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு தாள் பலியானது. 0.25 மில்லிமீற்றர் முனைப் பேனைதான் சரி. 0.18 அடிக்கடி அடைத்துக்கொள்கிறது.

பிலிம் வாங்குவோருக்கு ஒரு சொல். தட்டையாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நான் வாங்கிய இடத்தில் இறுக்கிச் சுருட்டிக் குழாயில் அனுப்பிவிட்டார்கள். புத்தகம் அடுக்கி ஒன்பது நாள் வைத்தும் ஓரங்கள் எழும்பியே நின்றன. அந்தக் கடையில் இனி வாங்கமாட்டேன்.

பொருத்துவதற்கு நான் வைத்திருக்கும் புள்ளிகள் மூன்று: ஸ்காபரோவின் வடமேற்கு மூலையான ஸ்டீல்ஸ்–விக்டோரியா பார்க் சந்தி, ஸ்டீல்ஸ்–மார்க்கம் வீதிச் சந்தி, கிங்ஸ்டன் வீதியும் லோரன்ஸ் அவெனியூவும் வெட்டும் சந்தி. தெருச் சந்திகள் அசைவதில்லை. ஆற்று வளைவு, ஏரிக்கரை இரண்டையும் நம்பவே வேண்டாம். புள்ளிகளைப் பிடித்த பிறகு, ஆணையில் இருக்கும் எல்லை விவரணையை வரி வரியாக வாசித்துக் கோடு இழுக்க வேண்டும். இந்தச் சந்தியில் தொடங்கி, இந்த வீதி வழியே கிழக்காக, அங்கிருந்து தெற்காக என்று அது போய்க்கொண்டே இருக்கும். மகள் வாசிப்பாள், நான் கீறுவேன். ஒருவரே இரண்டையும் செய்தால் ஒரு வரியைக் கட்டாயம் தவறவிடுவோம்.

மூன்றாம் தாள் ஏன் இவ்வளவு பாடுபடுத்தியது என்றால், கிழக்கு எல்லைதான். ஏரியை நெருங்கும் கடைசித் துண்டில் ரொறன்ரோவையும் பிக்கரிங்கையும் பிரிப்பது ரூஜ் ஆறு. மற்ற நான்கு தாளிலும் அது தொகுதி எல்லையாகவும் இருக்கிறது. 2003 தாளில் மட்டும் அந்தக் கோடு இல்லை. பிக்கரிங்–ஸ்காபரோ ஈஸ்ட் என்ற தொகுதி ஆற்றைத் தாண்டி, நகர எல்லையையும் தாண்டி, பக்கத்து டூரம் பிராந்தியத்துக்குள் போய்விட்டது. ஓரத்தில் வழக்கமாக இருக்கும் கோடு இல்லாததால் தாள் விலகியிருக்கிறதா, சரியாகத்தான் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் 401 கோட்டை வைத்துத்தான் சரிபார்த்தேன்.

பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு, மாகாணத்துக்கு ஒரு மூவர் ஆணைக்குழு உட்கார்ந்து இந்தக் கோடுகளை மாற்றுகிறது. தலைவர் பெரும்பாலும் ஒரு நீதிபதி. தொகுதியின் சனத்தொகை மாகாணச் சராசரியிலிருந்து 25 வீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது பொது விதி. நகர எல்லையைத் தாண்டக் கூடாது என்று விதி இல்லை. எங்கள் வீட்டை 11 ஆண்டுகள் பிக்கரிங்கோடு கட்டிவைத்திருந்தது சரியில்லை என்றே நினைக்கிறேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் குப்பை எடுப்பதும் பேருந்தும் ரொறன்ரோ, அந்தப் பக்கம் வேறு நகரசபை. ஒரே உறுப்பினர் இரண்டுக்கும் ஓட வேண்டியிருந்தது.

இனி ஊசிகளுக்கு வருவோம். போர்ட் யூனியன் ஊசி முதல் இரண்டு தாளிலும் ஸ்காபரோ ஈஸ்ட்டுக்குள் நிற்கிறது. 1988இல் முற்போக்குக் கொன்சர்வேட்டிவ் கட்சியின் ரொபர்ட் ஹிக்ஸ். 1993இல் லிபரல் அலை அடித்தபோது டக் பீற்றர்ஸ். ரிடி வங்கியின் தலைமைப் பொருளியலாளராக இருந்தவர். 1997இலும் 2000இலும் ஜோன் மக்கே. மூன்றாம் தாளில் பிக்கரிங்–ஸ்காபரோ ஈஸ்ட்: 2004, 2006, 2008 மூன்று முறையும் டான் மக்டீக். 2011இல் அவரைக் குறுகிய வித்தியாசத்தில் தோற்கடித்தவர் ருமேனியாவில் பிறந்த பொறியியலாளர் கொர்னேலியு கிசு, கொன்சர்வேட்டிவ். நான்காம் தாளில் ரூஜ் பார்க், 2015இலிருந்து ஹரி.

அதாவது எங்கள் வீட்டில் ஹரிக்கு முன் இருந்தவர் கிசு. ராதிகா ஒருநாளும் எங்கள் உறுப்பினராக இருந்ததில்லை. 2011இல் அவருடைய வெற்றிக்குக் கைதட்டி, எங்கள் உறுப்பினர் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்னவன் நான். இந்தத் தாளைப் பார்த்தபோது மனம் கொஞ்சம் கனத்தது.

மிலிகன் ஊசியின் வரிசை சின்னது. ரூஜ் ரிவர் முதல் தேர்தலைக் கண்ட 1988இலிருந்து 2011 வரை ஒரே ஆள்: லிபரல் கட்சியின் டெரெக் லீ. ஏழு தேர்தல், மூன்று ஆணை. பிறகு ராதிகா. தொகுதி மறைந்ததும் ஸ்காபரோ நோர்த்தில் ஷோன் சென். முழு ரூஜ் ரிவர் வரலாற்றிலும் இரண்டே உறுப்பினர்கள்தான். பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்தால் அந்த 27 ஆண்டும் எதுவும் நடக்காத இடம்போல இருக்கும். அந்த ஆண்டுகளில்தான் எங்கள் ஆட்கள் அங்கே வந்து இறங்கி, கடை போட்டு, கோயில் கட்டி, வாக்காளர் ஆனார்கள்.

அக்கா வீட்டு ஊசி அத்தானின் கேள்விக்கே பதில். மோர்னிங்சைட் ஹைட்ஸ் மூன்றாம் தாளில் ரூஜ் ரிவர், நான்காம் தாளில் ரூஜ் பார்க். அந்த வீட்டில் ராதிகாவுக்குப் பிறகு ஹரிதான். அத்தான் தன் வீட்டைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொன்னார். மூன்று ஊசியில் ஒன்றுக்கு மட்டும் பொருந்தும் உண்மை, எல்லோருடைய நினைவாகவும் மாறியிருக்கிறது. இதை அவரிடம் சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டார். தாளை ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

பட்டியல் போடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மாகாணத் தொகுதிகள். 1999இலிருந்து ஒன்ராறியோ மாகாணத் தேர்தலும் கூட்டாட்சித் தொகுதிப் பெயர்களையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டது, ஆனால் மாறுவது பிந்தித்தான். கூட்டாட்சியில் ரூஜ் ரிவர் மறைந்து ஓராண்டு கழிந்த பிறகு, 2016இல் மாகாண ரூஜ் ரிவரில் இடைத்தேர்தல் நடந்து ரேமண்ட் சோ வென்றார். அவரைக் கூட்டாட்சிப் பட்டியலில் சேர்த்துவிட்டு இரண்டு நாள் அலைந்தேன். இப்போதும் அப்படித்தான். 2025 பெப்ரவரி 27 மாகாணத் தேர்தலில் நான் வாக்களித்தது ரூஜ் பார்க்கில், அங்கே வென்றவர் விஜய் தணிகாசலம். இரண்டு மாதம் கழித்து ஏப்ரல் 28 கூட்டாட்சித் தேர்தலில் அதே வீட்டிலிருந்து வாக்களித்தது ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க்கில். இரண்டாவது, 'ஒன்ராறியோ' என்ற பெயரிலேயே ஒரு கூட்டாட்சித் தொகுதி 1997 வரை இருந்தது. மக்டீக் 1993இல் முதன்முதலாக வென்றது அங்கேதான். அந்தப் பெயரைத் தேடினால் மாகாணம் முழுக்க வந்து கொட்டும்.

அடுத்து என்ன செய்வது என்ற யோசனையும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1987க்குப் பின்னால் போக ஆசை. யோர்க்–ஸ்காபரோ என்றொரு தொகுதி 1953 தேர்தலிலிருந்து 1988 வரை இருந்தது. ரொபர்ட் ஸ்டான்பரி, ஸ்காபரோ மேயராக இருந்த போல் கொஸ்கிரோவ், காப்புறுதிக் கணிப்பாளரான போல் மக்ரொஸன் என்று சுவாரசியமான வரிசை. 1978 ஒக்டோபர் 16 அன்று நாடு முழுக்க ஒரே நாளில் 15 இடைத்தேர்தல் நடந்தபோது மக்ரொஸன் அங்கே நுழைந்தார். 1980இல் கொஸ்கிரோவிடம் இழந்தார், 1984இல் திரும்பப் பிடித்தார். அதற்கு வேறு அடிப்படை வரைபடம் வேண்டும், பழைய வீதிகளோடு. 1:25,000இல் நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிலிமும் இன்னும் நான்கு தாள் வேண்டும், இந்த முறை நேரில் போய்த் தட்டையாகவே வாங்கிக் காரின் பின் இருக்கையில் வைத்துக் கொண்டுவருவேன்.

ஆனால் ஐந்தாம் தாள் இன்னும் முடியவில்லை. 2023 ஆணை ரொறன்ரோவுக்கு ஓர் ஆசனத்தைக் குறைத்து, ஸ்காபரோவின் கோடுகளை மறுபடி கலைத்துப் போட்டிருக்கிறது. ஸ்காபரோ–வோபன் என்று புதுப் பெயர் வந்திருக்கிறது, ஸ்காபரோ சென்றர் டொன் வலி ஈஸ்ட்டோடு சேர்ந்திருக்கிறது. எங்கள் ஊசியைச் சுற்றிக் கீறிவிட்டேன், 2025இலும் ஹரிதான். மோர்னிங்சைட் ஹைட்ஸ் பக்கம் பென்சில் கோடு மட்டும் போட்டிருக்கிறது. மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் வரும் சனிக்கிழமை அவள் வாசிப்பாள், நான் மை போடுவேன். அதுவரை தாளுக்கு மேல் நான்கு அகராதிகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.