மருமகனின் வில்லுக்கத்தி

போன மாதம் வன்னியில், ஒட்டுசுட்டானில் அக்கா வீட்டில் நின்றேன். படிக்க லண்டன் வர இருக்கிற மருமகன் சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்தான். மிளகாய்த்தூள், ஒடியல் மா எல்லாம் வைத்த பிறகு மடிக்கிற வில்லுக்கத்தி ஒன்றையும் உள்ளே போட்டு, "மாமா, இறங்கின பிறகு பொக்கற்றுக்குள் வைத்துக்கொள்ளலாம்தானே, இரவில் தனியே நடக்கப் பயமென்கிறார்கள்" என்றான். எனக்கு நெஞ்சு பக்கென்றது.

வன்னியில் காட்டுக்கத்தியைச் சைக்கிள் கரியரில் கட்டிப் போகிறவரை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அப்பா அதைச் சாக்குத் துண்டால் சுற்றி, ரியூப் நாடாவால் இறுக்கி, வாய் கீழே பார்க்கத்தான் கட்டுவார். இன்னொருவர் கையில் கத்தியைக் கொடுக்கவே மாட்டார், நிலத்தில் வைப்பார், மற்றவர் எடுக்க வேண்டும். கையில் கொடுத்தால் சண்டை வருமாம். நான் முதலில் வேலை செய்த லண்டன் குசினியிலும் இதையே சொல்லித் தந்தார்கள்: மேசையில் வை, அவர் எடுக்கட்டும், கத்தியோடு நடந்தால் முனை நிலத்தைப் பார்க்கத் தொடையோடு பிடி, ஆளுக்குப் பின்னால் போனால் சத்தம் கொடு, விழுகிற கத்தியைப் பிடிக்கப் போகாதே, காலை இழு, நுரைத் தண்ணீருக்குள் கத்தியைப் போட்டுவிட்டுப் போகாதே. எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் கஷ்டமில்லை.

கஷ்டம் தெருவில்தான். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் நாலு வருடம் வரை சிறை. மடிக்கிற சிறு கத்திக்கு மட்டும் விலக்கு, அதுவும் அலகு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. விரித்ததும் பூட்டிக்கொள்கிறது என்றால் எவ்வளவு சின்னதானாலும் அந்த விலக்கில்லை. என் பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன் என்பதைப் பொதுவாகக் காரணமாக ஏற்கவே மாட்டார்கள்.

அவனுடைய கத்தியை விரித்தேன், கிளிக் என்று பூட்டியது. வந்த புதிதில் நானும் இப்படி ஒன்றை ஜக்கெற்றுக்குள் வைத்துப் பல மாதம் பஸ்ஸில் திரிந்தேன். கூட வேலை செய்த அண்ணர் ஒருவர் கண்டு பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

வேலைக்குக் கொண்டுபோவது வேறு. சமையல்காரர் கத்திகளுக்கு உறை போட்டு, துணியில் சுருட்டிக் கட்டி, பையின் அடியில் வைத்து, வழியில் எங்கும் சுற்றாமல் வேலைக்கும் வீட்டுக்கும் போய் வருவார். கடையில் வாங்கினால் பெட்டியை உடைக்காமல் பற்றுச்சீட்டோடு கொண்டு போங்கள். 18 வயதாகாத பிள்ளையை வாங்க அனுப்பாதீர்கள், விற்க மாட்டார்கள்.

மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கத்தியை மடித்து விறாந்தைக் குந்தில் வைத்தான். அக்கா அதை எடுத்துக்கொண்டு முருங்கைக்காய் சீவப் போனாள்.