க்ளோசிங்குக்கு முந்தைய மூன்று நாட்கள்

அமெரிக்காவில் முதல் வீடு வாங்கும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது, க்ளோசிங் அன்று, அதாவது கையெழுத்துப் போட்டு வீடு கைமாறும் நாளில், என்ன நடக்கும் என்பதைத்தான். அன்று பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒரு மேசை, ஒரு கட்டுக் காகிதம், நீல மை பேனா, அடையாள அட்டையைச் சரிபார்க்க ஒரு நோட்டரி. கை வலிக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியோடு வரலாம். பார்க்க வேண்டியதையெல்லாம் அதற்கு முந்தைய மூன்று நாட்களிலேயே பார்த்துவிட வேண்டும்.

கடன் கொடுப்பவர், கடனின் இறுதிக் கணக்கைக் காட்டும் 'க்ளோசிங் டிஸ்க்ளோஷர்' என்ற ஐந்து பக்க ஆவணத்தை, கையெழுத்துக்கு மூன்று வேலை நாட்கள் முன்பே உங்களிடம் சேர்த்தாக வேண்டும். 2015 அக்டோபரிலிருந்து இதுதான் விதி. இந்தக் கணக்கில் சனிக்கிழமையும் வேலை நாள்தான். ஆகவே திங்கட்கிழமை க்ளோசிங் என்றால் வியாழக்கிழமைக்குள் வந்திருக்க வேண்டும். வந்ததும், ஆரம்பத்தில் தந்த லோன் எஸ்டிமேட்டை (கடன் செலவு மதிப்பீட்டை) பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். நீங்கள் கொண்டுவர வேண்டிய பணம் எவ்வளவு, முன்பு சொன்னது எவ்வளவு, மாறியிருக்கிறதா என்று மூன்றாம் பக்கத்தில் கட்டம் போட்டே காட்டியிருக்கும். என் தம்பி வாங்கியபோது, கூரைப் பழுதுக்காக விற்பவர் விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்த 2,500 டாலர் அந்தப் பக்கத்தில் காணவே இல்லை. அன்று மாலையே ஏஜென்ட்டுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டான், மறுநாள் திருத்தி அனுப்பினார்கள். இதையே கையெழுத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு கேட்டிருந்தால் எவ்வளவு பதற்றம்!

அப்புறம் பெயர். நமக்கு இது தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், ஓட்டுநர் உரிமத்தில் அதுவே நடுவில், வங்கியில் வெறும் இனிஷியல். இத்தனை வடிவமும் ஒரே ஆளுடையதுதான் என்று க்ளோசிங்கில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கையெழுத்து வாங்குவார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் டீடில், அதாவது வீட்டுப் பத்திரத்தில், எந்தப் பெயர், எந்த எழுத்துக்கூட்டலில் ஏறப் போகிறது என்பதை முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள். பதிவான பிறகு மாற்றுவது இழுத்தடிக்கும் வேலை.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பணம் அனுப்பும் கட்டம். க்ளோசிங் நெருங்கும்போது, டைட்டில் கம்பெனி (வீட்டின் உரிமையைச் சரிபார்த்து க்ளோசிங்கை நடத்தித் தரும் நிறுவனம்) அனுப்பியது போலவே ஒரு மின்னஞ்சல் வரும்: "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய எண்ணுக்கு வயர் பண்ணுங்கள்." வீட்டு முகவரி, தொகை, ஏஜென்ட் பெயர் எல்லாம் சரியாக இருக்கும். யாரோ ஒருவரின் மின்னஞ்சலுக்குள் திருடன் புகுந்திருப்பான். போன பணத்தைத் திருப்புவது மிகக் கடினம். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். முதல் சந்திப்பிலேயே வாங்கி வைத்த எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு, கணக்கு எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

க்ளோசிங் முடியும்வரை புதுக் கார், சோபா எதையும் கடனில் வாங்காதீர்கள். கடைசி நேரத்தில் கிரெடிட்டை மறுபடி பார்ப்பார்கள். கடைசி முறை வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது குழாய், அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். வீட்டின் உரிமையில் பின்னால் சிக்கல் வந்தால் காக்கும் டைட்டில் இன்ஷூரன்ஸில், கடன் கொடுப்பவருக்கான பாலிசி அவரை மட்டும்தான் காக்கும். உங்களுக்கானது தனி, ஒரே முறை கட்டினால் போதும். நான் எல்லோரையும் எடுக்கச் சொல்வேன்.

ஜூன் 10-ல் க்ளோசிங் என்றால் அந்த மாத மீதி நாட்களின் வட்டியை அன்றே பிடித்துக்கொள்வார்கள், முதல் தவணை பெரும்பாலும் ஆகஸ்ட் 1-ல் வரும். நம்ம ஊர் போலப் பத்திரப் பதிவுக்கு நீங்கள் போய் நிற்க வேண்டியதில்லை. டைட்டில் கம்பெனியே கவுண்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி) பதிந்துவிடும். அதற்குப் பிறகு, அரசாங்கக் கடிதம் போன்ற தோற்றத்தில், டீட் நகல் வேண்டுமானால் இவ்வளவு டாலர் அனுப்பு என்று தபால் வரும். கிழித்துப் போடுங்கள். நகல் தேவைப்பட்டால் கவுண்டி அலுவலகத்திலேயே குறைந்த கட்டணத்தில் கிடைக்கும்.