மச்சானின் 407 வண்டியும் மண்டபத்து எண்ணெயும்

பஜ்ஜி சுட்ட எண்ணெய் கிடைப்பது இவ்வளவு கஷ்டம் என்று பி.எஸ்.சி. வேதியியலில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நாமக்கல்லில் தடுக்கி விழுந்தால் ஒன்று லாரிப் பட்டறை, இல்லையென்றால் கோழிப் பண்ணை. என் மனைவியின் அண்ணனுக்கு இரண்டோடும் சம்பந்தம் உண்டு. ஒரு பழைய டாடா 407 சரக்கு வண்டி வைத்திருக்கிறார். ஊட்டிக்கு முட்டை ஏற்றிப் போவார், வரும்போது கேரட் ஏற்றி வருவார். டீசல் 90 ரூபாயைத் தாண்டியதிலிருந்து அவர் வாயில் வேறு பேச்சே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிச்சோற்று மயக்கத்தில் நான்தான் வாயை விட்டேன்.

"மச்சான், 1900-ல பாரிஸ் பொருட்காட்சியில டீசல் எஞ்சினைக் கடலையெண்ணெயிலயே ஓட்டிக் காட்டியிருக்காங்க."

"கடலெண்ணெய் இன்னிக்கு என்ன விலை விக்குதுன்னு தெரியுங்களா மாப்ள?"

அடுக்களையில் என் மனைவி சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. புது எண்ணெய் எதற்கு, பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயே போதும், நானே பயோடீசல் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் பஜ்ஜிக்கடை அக்காவிடம் போனேன். "மிஞ்சினாத்தானே கண்ணு குடுக்கறது?" என்றார். நியாயம். இன்றைய எண்ணெயின் தலையில் நாளைய எண்ணெயை ஊற்றுகிற சட்டி அது. எண்ணெயில் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சுடக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்தே விதி இருக்கிறது, அப்படிப்பட்ட எண்ணெயை பயோடீசலுக்கு அனுப்பச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஒரு திட்டம் வைத்திருக்கிறது என்று அக்காவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு நாலு பஜ்ஜியைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டார்.

கடைசியில் கைகொடுத்தவர் கல்யாண மண்டபத்துச் சமையல் மாஸ்டர். "எந்த ஊர்ல தம்பி கடை வெச்சிருக்கீங்க?" என்று சந்தேகமாகப் பார்த்தார். இதில் நான் மறுபடி வடை சுட்டு விற்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். வண்டிக்கு என்றதும் இன்னும் சந்தேகமாகப் பார்த்தார். லிட்டர் 40 ரூபாய்க்குப் பேசி ஒரு கேன் வாங்கினேன். மாமனாரின் பழைய வேட்டியில் வடிகட்டியதில் அப்பளத் தூள், கறிவேப்பிலை, முழுசாக ஒரு உளுந்து வடை. அன்று ராத்திரி ஊர் எறும்பெல்லாம் எங்கள் திண்ணையில்தான்.

அடுத்தது, எண்ணெயை பயோடீசலாக மாற்றத் தேவையான மெத்தனால். கள்ளக்குறிச்சியில் 2024-ல் அது கலந்த கள்ளச்சாராயத்தில் அறுபது பேருக்கு மேல் செத்த பிறகு, அதைக் கேட்டுக் கடை ஏறினாலே ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். உரிமம் இல்லாதவனுக்குக் கொடுக்கவே கூடாத விஷம் அது. நல்லவேளை, பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் வாத்தியாராக ஒரு நண்பன் இருக்கிறான். நம் ஊரில் மெக்கானிக்கல் துறை என்று ஒன்று இருந்தால் அங்கே புங்க எண்ணெய் பயோடீசல் என்று கடைசி வருட மாணவர்களின் புராஜெக்ட் ஒன்றும் இருக்கும். "எண்ணெயை நீ கொண்டு வா. மெத்தனால் லேபை விட்டு ஒரு சொட்டு வெளிய போகாது" என்றான்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மெத்தனால், அதில் கரைத்த காஸ்டிக் சோடா. 55 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் கலக்கி, ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தால் கிளிசரின் அடியில் தங்கும், பயோடீசல் மேலே நிற்கும். புது எண்ணெய் என்றால் லிட்டருக்கு மூன்றரை கிராம் சோடா. சுட்ட எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும், அதற்குத் தனியாக அளந்து கூட்ட வேண்டும். எங்கள் கல்யாண எண்ணெய் இன்னும் 4 கிராம் கேட்டது. எத்தனை பந்தி கண்டதோ.

முதல் தடவை எண்ணெயைக் காய்ச்சி ஈரத்தை ஓட்டாமல் விட்டுவிட்டோம். காலையில் பார்த்தால் பாத்திரம் முழுக்கக் கொழகொழவென்று சோப்பு. "சோப்பு நல்லா வந்திருக்கு" என்றான் நண்பன். இரண்டாம் தடவைதான் அடியில் வெல்லப்பாகு நிறம், மேலே தேன் நிறம் என்று பிரிந்தது. மிச்ச மெத்தனாலையும் ஓட்டியெடுத்துவிட்டுத்தான் கேனை வெளியே விட்டான்.

தண்ணீர் விட்டுக் கழுவுவது மட்டும் என் வீட்டில். மெதுவாக அலச வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். நான் கேனைத் தூக்கி நன்றாகக் குலுக்கினேன். வெள்ளை வெளேரென்று மோராகிவிட்டது. "வெண்ணெய் எப்பங்க திரளும்?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள் மனைவி. மூன்றாம் நாள் தெளிந்து, 16 லிட்டர் தேறியது.

மச்சான் டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். பழைய எஞ்சின், கொடுத்ததைக் குடிக்கும். புகைக் கட்டுப்பாடு கடுமையான, இப்போது வருகிற பிஎஸ்-6 வண்டியில் இந்த விளையாட்டுக்கு நானே சம்மதித்திருக்க மாட்டேன். புகையில் அப்பளம் பொரிக்கிற வாசனை. பரமத்தி ரோட்டு டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் ஆட்கள் திரும்பி எண்ணெய்ச் சட்டியைத் தேடினார்கள். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. ஈரோடு போவதற்குள் வண்டி இழுக்க மறுத்தது. டேங்கில் இத்தனை வருடம் படிந்திருந்த கசடையெல்லாம் பயோடீசல் சுத்தமாகக் கழுவிக் கொண்டுபோய் ஃபில்டரில் அடைத்துவிட்டது. "அதுங்கூட நல்லதுதானுங்க, டேங்க் சுத்தமாச்சு" என்று புது ஃபில்டர் போட்டுக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பினார். மனுஷன் தங்கம்.

அது ஜனவரி மாதம். மறுநாள் விடியற்காலை போன்.

"மாப்ள, டேங்க்ல நெய் இருக்குதுங்க."

மாஸ்டர் கொடுத்தது பாமாயில். பாமாயிலில் செய்த பயோடீசல் 15 டிகிரி வாக்கிலேயே கலங்கத் தொடங்கிவிடும். நாமக்கல்லில் அது எந்த மார்கழியிலும் தெரியாது. ஊட்டியில் அன்று புல்லெல்லாம் உறைபனி. பாதி டீசல் இருந்தும் பயனில்லை. டீக்கடையில் வெந்நீர் வாங்கித் துணியில் நனைத்து ஃபில்டருக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்போல வெயிலுக்குக் காத்திருந்திருக்கிறார். பத்தரை மணிக்குத்தான் வண்டி கிளம்பியது. அதற்குள் கேரட் லோடு வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டது.

"கெமிஸ்ட்ரி படிச்சவருக்கு ஊட்டி குளுரும்னு தெரியாதுங்களா?" என்று மட்டும் கேட்டார். மிச்சமான டீசல் காசையும் போன லோடு வாடகையையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, மனைவி கண்ணில் படாமல் கிழித்துப் போட்டேன்.

போன வாரம் மாஸ்டர் கூப்பிட்டார். "தம்பி, ஒரே முகூர்த்தத்துல ரெண்டு கல்யாணம். எண்ணெய் எடுத்துக்கறீங்களா?" வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மச்சான் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"பாமாயிலா சூரியகாந்தியான்னு கேளுங்க மாப்ள."