உப்பு வந்த வழியில் ஒரு பெருமாள்

எங்கள் வீட்டுச் சாளக்கிராமத்தில், பெருமாளாகவே கும்பிடும் அந்தக் கல்லில், ஒரு சின்ன உடைசல் உண்டு. திருவாராதனத்துக்கு எடுக்கும்போது விரலில் தட்டுப்படும், உள்ளே வரிவரியாய்ச் சுருண்ட சக்கரம் தெரியும். இந்தப் பெருமாள் பிறந்த ஆற்றைப் பார்க்காமல் கண்ணை மூடக்கூடாது என்று அம்மா வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன சித்திரையில்தான் முடிந்தது. நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டம், முக்திநாத். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்யதேசங்களில் இந்த பூமியில், இந்தியாவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். "சாளக்கிராமம் அடைநெஞ்சே" என்று திருமங்கையாழ்வார் பாடிய இடம். சாளக்கிராமத்தையும் ஒரு சம்புடத்தில் வைத்து எடுத்துக்கொண்டாள்.

பொக்காராவிலிருந்து ஜீப். சாளக்கிராமம் கிடைக்கும் காளிகண்டகி ஆற்றை ஒட்டியே பாதை, ஒரு பக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, மறு பக்கம் 8,167 மீட்டர் தவளகிரி, நடுவில் கறுப்பு மணலோடு ஓடும் ஆறு. மேலே போகப் போக மரங்கள் குறைந்து, கடைசியில் மலையெல்லாம் வெறும் மண்ணும் பாறையுமாகிவிடுகிறது. மழை மேகங்களை அந்த இரண்டு மலைகளும் தெற்கிலேயே தடுத்துவிடுகின்றன. ஜோம்சோமில் காலை பதினொரு மணிக்கு மேல் காற்று கிளம்பியது பாருங்கள், நிற்க முடியவில்லை. திபெத் பீடபூமி வெயிலில் காய்ந்ததும் கீழ்க் காற்று முழுவதும் இந்த இடுக்கு வழியாகத்தான் மேலே பாய்கிறது. அதனால்தான் அங்கே விமானங்கள் காலையில் மட்டும்.

அந்த இடுக்குதான் ஒரு காலத்தில் பெரிய சாலை. வடக்கே திபெத், தெற்கே இந்தியச் சமவெளி, கடல் எந்தப் பக்கமும் இல்லை. திபெத்து ஏரிகளின் உப்பு இந்த வழியாக இறங்கியது, தெற்கிலிருந்து தானியம் ஏறியது. 19-ஆம் நூற்றாண்டில் டுக்குச்சே என்ற ஊரின் தகாலி இன வியாபாரிகள் அந்த உப்பு வியாபாரத்தை ஏகபோகமாக வைத்திருந்தார்கள். 1959-க்குப் பிறகு திபெத் எல்லையில் கெடுபிடி வந்தது, இந்தியாவின் கடல் உப்பும் மலிவாக ஏறி வந்தது, அதோடு அது படுத்துவிட்டது. இதை நான் சொல்லக் காரணம், கோயிலுக்குக் கீழே ராணிபௌவா என்ற ஊரில் நாங்கள் தங்கிய விடுதிக்கார அம்மாள் முதலில் கொடுத்ததே வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர்தான். அவருடைய தாத்தா கோவேறு கழுதைகளில் உப்பு மூட்டை ஓட்டியவராம். உப்பில்லாத நைவேத்தியம் ஏற்கும் உப்பிலியப்பனைக் கும்பிடுகிற அம்மா, உப்புத் தேநீரை இரண்டு கையாலும் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

மறுநாள் விடியற்காலையில் கோயில். சுமார் 3,700 மீட்டர் உயரம், பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்க வேண்டும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் வழியில் ஒரு நாளாவது தங்கி, உடம்பைப் பழக்கிக்கொண்டு ஏறுங்கள். நாங்கள் அவசரப்பட்டோம், முந்தின இரவு அம்மாவுக்குத் தலைவலி தாங்கவில்லை.

பகோடா போல அடுக்குக் கூரையோடு சின்னக் கோயில். பின்னால் அரைவட்டச் சுவரில் 108 பசுமுகங்கள், ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் பனி உருகிய தண்ணீர். முதல் நாலைந்து தாரைகளில் அலறல்தான் வரும், அப்புறம் உடம்பு மரத்துப்போய் வாயில் பெயர் மட்டும் நிற்கிறது. அம்மா ஒவ்வொரு தாரையிலும் கை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு 108-ஐயும் முடித்தாள்.

உள்ளே ஸ்ரீமூர்த்திப் பெருமாளின் அருகில், செங்காவிச் சேலை மாதிரி ஒரு துணி போர்த்திய, தலையை மழித்த பௌத்த பிக்குணி. நமக்குப் பெருமாள், அவர்களுக்கு அவரே சென்ரேசிக், கருணையே வடிவான அவலோகிதர். திபெத்துக்குப் போகும் வழியில் குரு பத்மசம்பவர் இங்கே தவம் செய்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. பிக்குணி தீர்த்தம் கொடுத்து, "ஆமா, ஆமா" என்று அம்மாவை அருகே அழைத்தார். நேபாளியில் ஆமா என்றால் அம்மாதான். கையிலிருந்த சம்புடத்தைக் காட்டிக் கையை நீட்டினார். அம்மா ஒரு கணம் தயங்கினாள். எங்கள் வீட்டில் குளித்து மடி உடுத்தாமல் யாரும் அதைத் தொட்டதில்லை. அப்புறம் எடுத்துக் கொடுத்தாள். பிக்குணி அதை இரண்டு உள்ளங்கையிலும் வாங்கி நெற்றியில் ஒற்றி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். நேரம் போனதே தெரியவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

கொஞ்சம் கீழே ஜ்வாலா மாயி கோயில். குனிந்து வலைக்குள் பார்த்தால் தண்ணீர் ஓடும் சத்தம், அதன்மேல் விரல் நுனியளவு நீலச் சுடர். பூமிக்குள்ளிருந்து வரும் வாயுதான் எரிகிறது. தெரிந்தும் கை தானாகக் குவிந்தது.

திரும்பும்போது காக்பேனியில் இறங்கினோம். ஆறுகள் கூடும் இடம், பித்ரு காரியம் செய்கிறார்கள். கரையில் கிடந்த கறுப்புக் கல் ஒன்றில் அதே சுருள் வரி. இமயம் எழும்பும் முன் இங்கே கிடந்த டெதிஸ் கடலில், பத்துக் கோடி வருஷங்களுக்கும் முன்னால் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரின் ஓடு அது. கடலே இல்லாத ஊரில் கடலின் அடையாளமாய்ப் பெருமாள் கிடக்கிறார் என்று சொன்னேன். "பாற்கடல்காரன்தானேடா" என்றாள் அம்மா.

காற்று கிளம்புவதற்குள் வீட்டுச் சாளக்கிராமத்துக்கு அந்த ஆற்றிலேயே திருமஞ்சனம் செய்தாள். எடுத்தபோது உடைசலுக்குள் கொஞ்சம் கறுப்பு மணல் ஒட்டியிருந்தது. துணியால் மற்ற இடமெல்லாம் ஒற்றினாள், அதை மட்டும் தொடவில்லை.